கிராமப் பள்ளிக் கலையாசிரியரும் தலைநகரின் கலைக்கூடங்களும்

(ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் கூடிய ஊராட்சி மன்ற உறுப்பினர்கள், விவசாயிகள் ஆகியோர் முன்னிலையில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



நம் கூட்டங்களில் சாலை, குடிநீர், தெருவிளக்கு, வரிவசூல் ஆகியவற்றைப் பற்றிப் பேசுவதே வழக்கம். இன்று நான் எடுத்துக்கொண்டுள்ள பொருள் சற்று வேறானது. நம் ஊர்ப் பள்ளியில் ஓவியமும் இசையும் கைத்தொழிலும் கற்பிக்கும் ஆசிரியரைப் பற்றியும், அவருக்குத் தலைநகரில் உள்ள வாய்ப்புகளைப் பற்றியும் சில செய்திகளைக் கூற விரும்புகின்றேன். பயிருக்கும் பம்புசெட்டுக்கும் தராத முதன்மையைப் பாட்டுக்கும் படத்துக்கும் தருவதா என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். சிறிது நேரம் பொறுமையோடு கேட்டுப் பின்னர்த் தீர்ப்புக் கூறுமாறு வேண்டுகின்றேன்.

பாடவேளை உண்டு, பயன் எங்கே?

பள்ளிகளைப் பார்வையிடச் செல்லுமிடமெல்லாம் கால அட்டவணையைப் பார்ப்பது என் வழக்கம். பெரும்பாலான பள்ளிகளின் அட்டவணையில் ஓவியம், இசை, கைவேலை என்று ஏதோ ஒரு பாடவேளை குறிக்கப்பட்டிருக்கும். அந்த வேளையில் வகுப்புக்குள் சென்று பார்த்தால் கணக்கு நடந்துகொண்டிருக்கும். அல்லது பிள்ளைகள் நோட்டுப் புத்தகத்தில் படித்ததையே மறுபடி எழுதிக்கொண்டிருப்பார்கள். கலையாசிரியர் எங்கே என்று கேட்டால், அவர் விழாவுக்குப் பதாகை எழுதிக்கொண்டிருக்கின்றார் என்ற விடை கிடைக்கும்.

இதற்குச் சட்டத்தைக் குறைகூற இயலாது. 2010-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த இலவச கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையில் நூறு பிள்ளைகளுக்கு மேல் பயிலும் பள்ளிகளில் கலைக்கல்விக்கும், உடற்கல்விக்கும், பணிக்கல்விக்கும் பகுதிநேரப் பயிற்றுநர்கள் இருத்தல் வேண்டும் என்று தன் அட்டவணையிலேயே கூறியுள்ளது. அதனைப் பின்பற்றி நம் மாநிலத்தில் 2012-இல் 16,549 பகுதிநேரப் பயிற்றுநர்கள் நியமிக்கப்பெற்றனர். வாரத்திற்கு மூன்று அரை நாட்கள் பணி. தொடக்கத்தில் திங்களுக்கு 5,000 ரூபாய் தொகுப்பூதியம். அத்தொகை 2014-இல் 7,000 ஆகவும், 2017-இல் 7,700 ஆகவும், 2021-இல் 10,000 ஆகவும் உயர்த்தப்பெற்றது. அதன் பின்னரும் உயர்வு அளிக்கப்பெற்றுள்ளது.

இவ்வூதியத்தைக் கொண்டு ஒரு குடும்பத்தை நடத்துவது எளிதன்று என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டுவதில்லை. எஞ்சிய நேரங்களில் அவர் கடைப்பலகை எழுதுவார், திருமண வீட்டில் பாடுவார், தையற்பொறி ஓட்டுவார். இவ்வளவுக்கும் இடையே பள்ளிக்கு வரும் அவருக்கு ஒரு கட்டுச் சுண்ணக்கட்டியும் பழைய தாளும் தந்துவிட்டு, ‘உங்கள் வேளையைக் கணக்கு ஆசிரியர் கேட்கின்றார்’ என்று சொன்னால், அவர் எத்தனை நாளைக்கு ஊக்கத்தோடு இருப்பார்? அவருடைய ஊதியத்தை உயர்த்துவது ஊராட்சியின் கையில் இல்லை. ஆனால் அவரை ஆசிரியராக மதிப்பதும், அவர் மேலும் கற்று முன்னேற வழிசெய்வதும் நம் கையில் உள்ளன.

கலை வீண் வேலையன்று

கலைப்பாடத்தால் பிள்ளைக்குச் சோறு கிடைக்குமா என்பது பெற்றோர் பலரும் கேட்கும் கேள்வி. இக்கேள்வியை நான் தவறென்று சொல்லமாட்டேன். ஆயினும் விடையைச் சென்னையிலேயே காணலாம்.

தியாகராய நகரின் பனகல் பூங்காவைச் சுற்றியுள்ள பட்டுக் கடைகளைப் பாருங்கள். அங்கே விலைபோகும் சேலைகள் காஞ்சிபுரத்திலும் ஆரணியிலும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும் நெய்யப்பட்டவை. மாங்காய், அன்னம், உருத்திராக்கம், கோபுரக்கரை ஆகிய வடிவங்கள் யாவும் தறியில் ஏறுமுன் கட்டம் போட்ட தாளில் ஏறியவை. ஒரே நூல், ஒரே சரிகை. வரைவு நன்றாக இருந்தால் சேலைக்கு விலை கூடுகின்றது. வரையத் தெரிந்த நெசவாளர் வீட்டுப் பிள்ளை, பிறர் தரும் வடிவத்தை நெய்வதோடு நில்லாமல் தானே வடிவம் அமைக்கும் நிலைக்கு உயர்கின்றது.

மயிலாப்பூருக்கு வாருங்கள். நவராத்திரிக் காலத்தில் கபாலீசுவரர் கோயிலின் வடக்கு மாடவீதி முழுவதும் கொலுப் பொம்மைக் கடைகள் நிறைந்திருக்கும். பண்ருட்டி, மதுரையை அடுத்த விளாச்சேரி, காஞ்சிபுரம் முதலிய ஊர்களின் கைவினைஞர் செய்த பொம்மைகளை நகரத்தார் தேடிப்பிடித்து வாங்குகின்றார்கள். மண் பிசையும் கைக்கு உருவத்தின் அளவும் நிறத்தின் சேர்க்கையும் தெரிந்திருந்தால், அதே மண்ணுக்குப் பத்து மடங்கு மதிப்பு உண்டாகின்றது.

கலை கற்றால் கணக்குக் கெடும் என்னும் அச்சமும் ஆதாரமற்றது. நம் வீட்டுப் பெண்மக்கள் நாள்தோறும் வாசலில் இடும் புள்ளிக்கோலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புள்ளிகளை எண்ணி, வரிசை குறைத்து, இருபுறமும் ஒத்துவரும்படி கம்பியை வளைத்து, தொடங்கிய இடத்திலேயே முடிப்பதில் எவ்வளவு கணக்கு அடங்கியிருக்கின்றது! தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பணியாற்றிய பேராசிரியர் கிஃப்ட் சிரோமணியும் அவருடன் ஆய்வு செய்தோரும் இக்கோலங்களின் அமைப்பை இலக்கண விதிகளாக வகுத்து 1974-இல் கணினித்துறை ஆய்வுக் கட்டுரையாகவே வெளியிட்டனர். நம் பாட்டிமார் அரிசிமாவால் செய்ததைப் பேராசிரியர்கள் கணினியின் மொழியில் எழுதினார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குச் சமச்சீரைக் கற்பிக்க இதனினும் நல்ல கருவி யாது?

கையால் செய்து கற்பது மனத்தில் ஆழப் பதியும் என்பதைக் காந்தியடிகள் 1937-இல் வார்தாவில் ஆதாரக் கல்வித் திட்டமாகவே எடுத்துரைத்தார். இத்தாலி நாட்டுக் கல்வியறிஞர் மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-இல் அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தபோது வற்புறுத்தியதும் இதே கருத்தையே ஆகும். கையும் கண்ணும் கற்காத கல்வி அரைக் கல்வியேயாகும்.

தலைநகரில் நமக்குள்ள பங்கு

சென்னையில் உள்ள கலை நிறுவனங்கள் சென்னை மக்களுக்கே உரியவை என்ற எண்ணம் நம்மிடையே இருக்கின்றது. அது தவறு. அவற்றுட் பல, உழவர் முதலாக அனைவரும் செலுத்தும் வரிப்பணத்தால் நடப்பவை. நம் ஆசிரியருக்கும் நம் பிள்ளைகளுக்கும் அவற்றில் பங்கு உண்டு. கேளாமல் இருப்பதால் அந்தப் பங்கு நமக்கு வந்து சேரவில்லை.

முதலில் ஓவியத்தைக் கூறுகின்றேன். பெரியமேட்டில் பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கின்றது. அலெக்சாண்டர் ஹன்டர் என்னும் மருத்துவர் 1850-இல் தம் சொந்த முயற்சியால் தொடங்கிய பள்ளியை 1852-இல் அரசு ஏற்று நடத்தலாயிற்று. இன்று அங்கே ஓவியம், சிற்பம், சுடுமண் கலை, துணி வடிவமைப்பு, பதிப்போவியம், காட்சித் தொடர்பு ஆகிய துறைகள் உள்ளன. மேல்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்த மாணவர் தகுதித் தேர்வு எழுதிப் பட்டப்படிப்பில் சேரலாம். மெரினா கடற்கரைக்குச் சென்ற உங்களில் பலர் உழைப்பாளர் சிலையைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாறையை நால்வர் நெம்பிப் புரட்டும் அச்சிலை 1959-இல் திறக்கப்பெற்றது. அதனை வடித்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி அக்கல்லூரியின் முதல்வராகப் பல ஆண்டுகள் விளங்கியவர். வியர்வை சிந்தும் உழைப்பாளியைக் கடற்கரையில் உயர்த்தி நிறுத்தியது இக்கலைக்கூடம் தந்த கை என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

சிற்றூர்ப் பிள்ளைக்கு அங்கே இடம் கிடைக்குமா என்ற ஐயம் வேண்டுவதில்லை. திருச்சிராப்பள்ளி மாவட்டத்துக் கீரம்பூரில் 1938-இல் பிறந்த கே. எம். ஆதிமூலம், சென்னைக்கு வந்து சிற்பி தனபாலின் வழிகாட்டுதலால் அக்கல்லூரியில் சேர்ந்து பயின்றார். காந்தியடிகளின் நூற்றாண்டையொட்டி அவர் வரைந்த கோட்டோவியங்கள் நாடெங்கும் பேசப்பெற்றன. கி. ராஜநாராயணனின் கரிசற்காட்டு எழுத்துக்கு அவர் வரைந்த படங்களை வார இதழில் கண்டு மகிழ்ந்தோர் பலர். ஒரு சிற்றூரின் கண் எதனை முதலிற் கண்டதோ அதனையே அவருடைய தூரிகை உலகுக்குக் காட்டியது. இத்தகைய பிள்ளை நம் பள்ளியிலும் இருக்கக்கூடும். அதனை அடையாளம் காணத்தக்கவர் கலையாசிரியரே.

அடுத்து இசை. பறக்கும் ரயிலில் பசுமைவழிச் சாலை நிலையத்தில் இறங்கிச் சிறிது தொலைவு சென்றால் இராஜா அண்ணாமலைபுரத்தில் இசைக்கல்லூரி வளாகத்தை அடையலாம். 1949-இல் தொடங்கப்பெற்ற இக்கல்லூரிக்கு முதல் முதல்வராக இருந்தவர் முசிறி சுப்பிரமணிய ஐயர். 2013-இல் இசைக்கும் கவின்கலைக்குமெனத் தமிழ்நாட்டில் தனிப் பல்கலைக்கழகம் ஏற்பட்டபோது இவ்வளாகமே அதன் இருப்பிடமாயிற்று. சென்னை, திருவையாறு, மதுரை, கோவை ஆகிய ஊர்களின் அரசு இசைக் கல்லூரிகளும், சென்னை, கும்பகோணம் கவின்கலைக் கல்லூரிகளும், 1957-இல் மாமல்லபுரத்தில் தொடங்கிய கட்டடக்கலை சிற்பக்கலைக் கல்லூரியும் இப்பல்கலைக்கழகத்தோடு இணைந்துள்ளன. பாடவும் கருவி மீட்டவும் கற்றவர்களைப் பள்ளி ஆசிரியராக்கும் இசை ஆசிரியர் பயிற்சியும் சென்னை இசைக் கல்லூரியில் நடத்தப்பெற்று வந்துள்ளது. பெண்மக்களுக்கு, 1914-இல் தோன்றிய இராணி மேரி கல்லூரியில் இசையைப் பட்டப்படிப்பாகவே பயிலும் வாய்ப்பு உண்டு. அது மெரினா கடற்கரைக்கு எதிரிலேயே உள்ளது.

இசைக்கல்லூரி இருக்கும் அதே பகுதியில் தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் செயற்பட்டு வருகின்றது. 1955-இல் தோன்றிய இம்மன்றமே கலைமாமணி விருதுக்குரியோரைத் தேர்ந்தெடுக்கின்றது. விருது ஒருபுறமிருக்க, கலைக்குழுக்களுக்கும் நலிந்த கலைஞர்களுக்கும் அரசின் உதவி கிடைக்கும் வழியும் இம்மன்றமே.

பறக்கும் ரயிலிலேயே மேலும் தெற்கே சென்றால் திருவான்மியூரை அடையலாம். அங்கே கலாக்ஷேத்திரா இருக்கின்றது. ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் 1936-இல் அடையாற்றில் தொடங்கிய அந்நிறுவனம் 1962-இல் இப்போதுள்ள இடத்திற்கு மாறியது; நாடாளுமன்றம் 1993-இல் இயற்றிய சட்டத்தின்படி தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக விளங்குகின்றது. பரதமும் இசையும் மட்டுமன்றி, கைத்தறி நெசவும் இயற்கைச் சாயமிட்ட கலம்காரியும் அங்கே வளர்க்கப்பெறுகின்றன. ஆடற்கலையையும் தறியையும் ஒரே கூரையின்கீழ் வைத்த அந்த அம்மையாரின் நோக்கு நம் பள்ளிகளுக்கும் ஏற்றதாகும்.

கோட்டூர்புரத்தில் 2010-இல் திறக்கப்பெற்ற அண்ணா நூற்றாண்டு நூலகம் உண்டு. ஓவியம், சிற்பம், இசை பற்றிய நூல்களை அங்கே அமர்ந்து படிக்கலாம். பிள்ளைகளுக்கெனத் தனிப் பகுதியும் இருக்கின்றது. எழும்பூரில் 1851-இல் நிறுவப்பெற்ற அரசு அருங்காட்சியகத்தில் சோழர் காலச் செப்புத் திருமேனிகளையும் அமராவதிச் சிற்பங்களையும் காணலாம். மார்கழித் திங்களில் மயிலாப்பூர், தியாகராய நகர், ஆழ்வார்பேட்டைப் பகுதிச் சபைகளில் நடைபெறும் பகல்நேர நிகழ்ச்சிகள் பலவற்றுக்குக் கட்டணம் இல்லை. 1928-இல் தொடங்கப்பெற்ற மியூசிக் அகாதெமியில் அத்திங்களின் காலை வேளைகளில் வல்லுநர்கள் பாடியும் விளக்கியும் நிகழ்த்தும் சொற்பொழிவுகள் இசையாசிரியருக்குச் சிறந்த பாடமாகும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பெற்ற தட்சிணசித்ராவில் தென்னாட்டு வீடுகளையும் கைவினைகளையும் நேரில் காணலாம்.

ஓர் ஆசிரியர் இரண்டு நாள் செலவிட்டால் இவற்றுட் பாதியையேனும் பார்த்துவிடலாம். திருமயிலை, பசுமைவழிச் சாலை, கோட்டூர்புரம், திருவான்மியூர் ஆகிய நான்கும் ஒரே ரயில் பாதையில் உள்ளன. தியாகராய நகருக்கு மாம்பலம் நிலையத்தில் இறங்கினால் போதும்.

பணிக்குச் செல்லும் வழி

ஆசிரியப் பணியை நாடும் இளைஞர்கள் நம் ஊர்களில் இருக்கின்றார்கள். அவர்கள் சரியான வழி அறியாது பணத்தையும் காலத்தையும் இழப்பதைக் காண்கின்றேன். ஆதலின் இதனைச் சற்று விளக்கமாகக் கூறுகின்றேன்.

ஓவியம், தையல், இசை ஆகியவற்றில் அரசுத் தொழில்நுட்பத் தேர்வுகளை அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்துகின்றது. கீழ்நிலை, மேல்நிலை என அவை படிப்படியாக அமைந்தவை. இத்தேர்வுகளில் வென்றவர்க்குக் கோடை விடுமுறையில் 42 நாள் தொழிலாசிரியர் பயிற்சி அளிக்கும் முறை இருந்து வருகின்றது. அப்பயிற்சியின் முடிவில் பெறும் சான்றிதழ், ஓவியம், தையல் போன்ற சிறப்பாசிரியர் பணிக்கு விண்ணப்பிக்க மிகவும் இன்றியமையாதது. அரசுப் பள்ளிச் சிறப்பாசிரியர்களை ஆசிரியர் தேர்வு வாரியம் தேர்ந்தெடுக்கின்றது. ஓவியம், இசை, தையல், உடற்கல்வி ஆகியவற்றுக்கு 1,325 பணியிடங்களுக்கான போட்டித் தேர்வு 2017 செப்டம்பரில் நடைபெற்றது. இத்தகைய தேர்வு ஆண்டுதோறும் வருவதன்று. வரும் வேளையில் சான்றிதழ் கையில் இருப்பவர்க்கே பயன். மழை பெய்தபின் ஏரைத் தேடுபவன் பருவத்தை இழப்பான்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் கூற வேண்டும். கலைப் பயிற்சி தரும் தனியார் நிலையங்கள் பல. அவற்றுள் நன்கு கற்பிப்பனவும் உண்டு. ஆனால் அங்கே பெறும் சான்றிதழ் அனைத்தும் அரசுப் பணிக்குச் செல்லும் என்று எண்ணிவிடலாகாது. கட்டணம் செலுத்துமுன், ஆசிரியர் தேர்வு வாரியத்தின் பழைய அறிவிக்கையை எடுத்து எந்தச் சான்றிதழ் ஏற்கப்பெற்றது என்பதைப் பார்த்துக்கொள்ளுதல் நலம்.

ஏற்கெனவே பணியில் உள்ளவர்க்கும் பயிற்சி உண்டு. மத்தியப் பண்பாட்டு அமைச்சகத்தின்கீழ் 1979-இல் புதுதில்லியில் நிறுவப்பெற்ற பண்பாட்டு வள ஆதாரங்கள் மற்றும் பயிற்சி மையம், பல மாநில ஆசிரியர்களை ஒன்றுகூட்டிக் கைவினை, பாட்டு, பொம்மலாட்டம் முதலியவற்றைப் பாடத்தோடு இணைக்கக் கற்பிக்கின்றது. நமக்கு அருகிலுள்ள அதன் மண்டல மையம் ஐதராபாத்தில் இருக்கின்றது. இதற்கான பெயர்களைக் கல்வித்துறை வழியே அனுப்ப வேண்டும். தலைமையாசிரியரைக் கேட்டுத் தூண்டுவது பள்ளி மேலாண்மைக் குழுவின் கடமை. அதே மையம் 10 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கலைத்திறன் உதவித்தொகையும் வழங்குகின்றது.

ஊரும் ஒரு கலைக்கூடமே

தலைநகரைப் பற்றி இவ்வளவு கூறினேன். எனினும் கொடுப்பது நகரம், பெறுவது கிராமம் என்று நீங்கள் எண்ணிவிடக் கூடாது. நகரத்துக் கலைஞர்கள் கிராமத்தினிடம் கற்றவை மிகப் பல.

சென்னையில் 1977-இல் கூத்துப்பட்டறையைத் தோற்றுவித்த ந. முத்துசாமி, புரிசை நடேசத் தம்பிரானின் தெருக்கூத்தைக் கண்டபின் நாடகத்தைப் பற்றிய தம் பார்வையே மாறியதாகக் கூறி வந்தவர். அப்புரிசை மரபின் கண்ணப்ப சம்பந்தனுக்கும், மதுரைப் பகுதியின் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கும் 2025-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. அதற்கு முந்திய ஆண்டில் வள்ளி ஒயில் கும்மியைக் கற்பித்து வந்த கோவைப் பகுதியின் பத்திரப்பன் அவ்விருதினைப் பெற்றார். 2023 பொங்கல் விழாவின்போது கலை பண்பாட்டுத் துறை நடத்திய சென்னைச் சங்கமத்தில், பெசன்ட் நகர்க் கடற்கரை உள்ளிட்ட பல இடங்களில் மாவட்டங்களிலிருந்து வந்த கரகமும் காவடியும் பறையும் ஒயிலும் மாநகர மக்களை மகிழ்வித்தன.

நகரம் பணம் செலவிட்டு அழைத்துப் பார்க்கும் கலைஞர் நம் தெருவிலேயே இருக்கின்றார். அவரை நம் பள்ளியின் வாயிற்படி வரையிலேனும் நாம் அழைத்ததுண்டா? பறையடிப்பவர் சாவுக்கு மட்டும், கூத்தாடுபவர் திருவிழாவுக்கு மட்டும், குயவர் பொங்கற் பானைக்கு மட்டும் என்று நாம் ஒதுக்கிவிட்டோம். பள்ளிக்கூடத்தின் நடுவே அவர் நின்று கற்பிக்கும்போது, பிள்ளைகள் கலையை மட்டும் கற்பதில்லை. எல்லாத் தெருவாரும் ஆசிரியராகத் தக்கவரே என்னும் சமத்துவத்தையும் கற்கின்றார்கள். ஊராட்சியில் பொறுப்பேற்றவர்கள் இதனை நன்கு எண்ணிப் பார்க்க வேண்டும்.

சென்னை வரை செல்ல இயலாத பிள்ளைகளுக்கு மாவட்டங்களில் 17 அரசு இசைப்பள்ளிகள் இருக்கின்றன. மூன்றாண்டுப் பயிற்சி; 12 வயது முதல் 25 வயது வரை சேரலாம். நாகசுரம், தவில், தேவாரம் கற்கத் தமிழில் எழுதப் படிக்கத் தெரிந்தாலே போதும். 5 முதல் 16 வயது வரையுள்ளோர்க்கு ஜவகர் சிறுவர் மன்றங்கள் உண்டு. ஊர்க் கலைஞர்களுக்கு 2007-இல் அமைக்கப்பெற்ற நாட்டுப்புறக் கலைஞர்கள் நலவாரியம் உண்டு. அதில் நம் ஊர்க் கலைஞர் அனைவரும் பதிந்துள்ளனரா என்று விசாரிப்பதும் ஊராட்சியின் நற்பணியாகும்.

நாம் செய்ய வேண்டுவன

இனி, நாம் உடனே செய்யக்கூடிய சிலவற்றைச் சொல்லுகின்றேன்.

முதலாவது, கலைப் பாடவேளையைக் காத்தல். பள்ளி மேலாண்மைக் குழுவின் உறுப்பினருள் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் என்றும், உள்ளாட்சிப் பிரதிநிதிக்கும் அதில் இடம் உண்டு என்றும் சட்டம் கூறுகின்றது. அக்கூட்டத்தில், ‘இத்திங்கள் கலை வகுப்பு எத்தனை நடந்தது? பிள்ளைகள் செய்ததைக் காட்டுங்கள்’ என்று ஒருவர் கேட்டால் போதும். கேள்வி உள்ள இடத்தில் வேலை நடக்கும்.

இரண்டாவது, ஆசிரியரைப் பிற வேலைகளுக்கு இழுக்காதிருத்தல். மக்கள்தொகைக் கணக்கு, பேரிடர் உதவி, தேர்தல் ஆகியவை தவிரக் கல்விக்குப் புறம்பான பணிகளில் ஆசிரியரை ஈடுபடுத்தலாகாது என்பது சட்டம். விழாப் பதாகையும் சுவர் விளம்பரமும் எழுதுவதற்கு ஊரில் வேறு ஆட்கள் உண்டு. அவர்களுக்குக் கூலி கொடுத்து எழுதுவிப்போம்.

மூன்றாவது, பொருள்கள். வண்ணப் பெட்டி வாங்கப் பணமில்லை என்று நிற்க வேண்டாம். ஏரி வண்டலில் நல்ல களிமண் இருக்கின்றது. பனையோலை, தென்னங்கீற்று, கோரை, செம்மண், காவிக்கல், கோலமாவு ஆகியவை உள்ளன. உழவர்கள் ஒரு வண்டி மண் கொண்டுவந்து கொட்டினால் ஓராண்டுச் சுடுமண் பாடத்திற்குப் போதும். பெரிய செலவுகளுக்கு, 2022-இல் தொடங்கப்பெற்ற ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ திட்டத்தின் வழியே, வெளியூரிலும் வெளிநாட்டிலும் வாழும் நம் ஊரார் நன்கொடை அளிக்க இயலும். வகுப்பறைக்கு வர்ணம் பூசிப் பெயர் பொறிப்பதோடு நில்லாமல், ஒரு மிருதங்கமோ ஒரு தையற்பொறியோ தரும்படி அவர்களைக் கேளுங்கள்.

நான்காவது, பயணம். ஆண்டுக்கு ஒருமுறையேனும் கலையாசிரியர் சென்னைக்குச் சென்று நான் கூறிய இடங்களைக் கண்டுவர ஊரார் வழிச்செலவு திரட்டித் தரலாம். இரண்டு நாள் பேருந்துக் கட்டணமும் உணவும் ஓர் ஊருக்குப் பெருஞ்சுமையன்று. திரும்பி வந்தபின் அவர் கண்டதைக் கிராம சபையில் எடுத்துக் கூறச் செய்யுங்கள். சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகின்றது. அதில் கால்மணி நேரம் ஆசிரியருக்குத் தருவோம்.

ஐந்தாவது, கலைத் திருவிழா. அரசுப் பள்ளிகளில் 2022 முதல் பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்னும் படிகளில் இப்போட்டிகள் நடைபெறத் தொடங்கின. மாநில அளவில் வென்றோர்க்குக் கலையரசன், கலையரசி எனும் பட்டங்கள் அளிக்கப்பெற்றன. சிறந்த மாணவர் சிலர் வெளிநாட்டுக்கும் அழைத்துச் செல்லப்பெற்றனர். திறமை இருந்தும், வட்டாரப் போட்டிக்குச் செல்ல வாகனம் இன்றித் தங்கிவிட்ட பிள்ளைகளை நான் அறிவேன். கரும்பு ஏற்றும் வண்டி வைத்திருப்போர் ஒரு நாள் பிள்ளைகளுக்காக வேன் ஒன்றை வாடகைக்கு அமர்த்தித் தரமாட்டார்களா?

பெரியோர்களே, ஒரு கிணறு வற்றினால் அனைவரும் அறிவோம். மறுநாளே கூடிப் பேசுவோம். ஒரு பிள்ளையின் கைத்திறன் வற்றுவதை எவரும் அறிவதில்லை. அஃது ஓசையின்றி நடக்கின்றது. பதினான்கு வயதில் வரைய விரும்பிய பிள்ளைக்கு இருபத்து நான்கு வயதில் வழிகாட்டுவதால் பயனில்லை. வழிகாட்டத்தக்க ஆசிரியர் வாரத்தில் மூன்று அரை நாட்களேனும் நம் ஊரில் இருக்கின்றார். அந்த அரை நாட்களை முழுமையாக்குவது நம் பொறுப்பு.

அடுத்த கூட்டத்திற்கு வரும்பொழுது ஒவ்வோர் ஊராட்சியும் இரண்டு பெயர்ப்பட்டியல்களைக் கொண்டுவருமாறு வேண்டுகின்றேன். ஒன்று, உங்கள் ஊரில் உள்ள கலைஞர்கள், கைவினைஞர்கள் பட்டியல். மற்றொன்று, கலையில் நாட்டமுள்ள பிள்ளைகள் பட்டியல். அவ்விரண்டையும் இணைத்துக் கலையாசிரியரின் கையில் கொடுப்போம். மேற்கொண்டு எந்த அலுவலகத்துக்கு எழுதுவது, எந்த விண்ணப்பத்தை எப்போது அனுப்புவது என்பனவற்றில் எங்கள் அலுவலகம் உங்களுக்குத் துணை நிற்கும்.